பேட் போடட்டும், அப்புறம் பேசலாம்

லாம்போ மைதானத்தின் வாசலில் காலையிலேயே சைக்கிள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாம் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள்கள். கைப்பிடியில் பச்சை மஞ்சள் நாடா சுற்றியவை, முன்னால் கூடை வைத்தவை, மணி பொருத்தியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரப் பையனோ பெண்ணோ கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் வீரர்கள் உள்ளேயிருந்து வருவார்கள், ஏதாவது ஒரு சைக்கிளை வாங்கி ஏறிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு மிதிப்பார்கள். அவர்களுடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தை பக்கத்திலேயே ஓடிவரும். வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்தே இந்த ஊரில் கோடை முகாம் இப்படித்தான் தொடங்குகிறது.

நான் வந்தது புதியவர்களைப் பார்க்க. 2025 ஏப்ரல் டிராஃப்டில் பேக்கர்ஸ் எடுத்த எட்டுப் பேரை விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த ஊர் எப்படி எடைபோடுகிறது என்பதை, ரசிகர்களோடு ரசிகராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. பழைய வீரர்கள் வரும்போது சிறுவர்கள் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். புதியவர்கள் வரும்போது ஒரு கணம் தயக்கம். பெற்றோர்கள் கையிலிருக்கும் பெயர்ப் பட்டியலில் எண்ணைத் தேடுகிறார்கள். முகாமில் 90 பேர். ஆகஸ்ட் முடிவதற்குள் 53 பேராகக் குறைத்தாக வேண்டும். அதனால் ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டிருப்பதும் உண்டு.

இந்த டிராஃப்ட் நம் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. விலை கேட்கும் வேலையே இல்லை. 32 அணிகளும் வரிசையாக, சுற்றுக்கு ஒருவராக, கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஏழு சுற்றுகள், 2025ல் 257 பெயர்கள். எந்த ஊருக்குப் போவது என்பதில் ஆட்டக்காரனுக்குக் குரல் இல்லை. எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதை வைத்தே அவனுடைய முதல் ஒப்பந்தத்தின் தொகையும் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. பணமுள்ள அணிகளே நல்லவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன, தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது என்று பிலடெல்ஃபியா அணியின் பெர்ட் பெல் முறையிட்டதால் இந்த முறை 1936ல் தொடங்கியது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் கிரீன் பே, நியூயார்க்கோடும் சிகாகோவோடும் இன்றுவரை சரிசமமாக மோத முடிகிறதென்றால் அதற்கு இந்த முறையும் ஒரு பெரிய காரணம். 2025 ஏப்ரலில் டிராஃப்ட் விழாவே லாம்போ வளாகத்தில்தான் நடந்தது. மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கு.

சைக்கிள்கள் போய்ச்சேரும் இடத்துக்கு ரே நிட்ஷ்கி திடல் என்று பெயர். உள்ளே நுழையும் யாரும் அந்தப் பெயரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். நிட்ஷ்கி 1958 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில், 36ஆவது ஆளாக இந்த அணிக்கு வந்தவர். அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் ஜிம் டெய்லர் வந்தார், நான்காம் சுற்றில் ஜெர்ரி கிரேமர் வந்தார். மூன்று பேரும் இன்று ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஒரே டிராஃப்டில் அடுத்தடுத்து அப்படி மூன்று பேர்! ஆனால் அவர்கள் முதன்முதலாகக் களமிறங்கிய 1958 பருவத்தில் பேக்கர்ஸ் வென்றது ஒரே ஒரு ஆட்டம். பத்துத் தோல்வி, ஒரு சமன். இந்த அணி அதைவிடக் கீழே போனதே இல்லை. அடுத்த ஆண்டு லொம்பார்டி வந்தார். 1961க்கும் 1967க்கும் நடுவே ஐந்து பட்டங்கள் வந்தன. அந்த ஆட்டக்காரர்களைக் கல்லூரி கல்லூரியாகத் தேடிக் கண்டெடுத்தவர் ஜாக் வைனிசி என்ற இளைஞர். 1960 நவம்பரில், 33ஆம் வயதில் இதய நோயால் இறந்துபோனார். தான் பொறுக்கியெடுத்தவர்கள் வாங்கிய முதல் பட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வொரு அணிக்கும் ஏ, பி, சி என்று மதிப்பெண் போடுகிற வழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. இந்தப் பெயருள்ள திடலில் உட்கார்ந்திருக்கும்போது அது இன்னும் கூடுகிறது. 1958ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யாராவது மதிப்பெண் போட்டிருந்தால் வைனிசிக்கு என்ன கிடைத்திருக்கும்?

படியிருக்கைகள் நிரம்பிவிட்டன. அனுமதி இலவசம். எனக்கு ஒரு பக்கம் மில்வாக்கியிலிருந்து வந்திருந்த தந்தையும், பள்ளியில் படிக்கும் அவருடைய மகளும்; மறுபக்கம் பச்சைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. முகாமின் தொடக்க நாள் அது. தோளிலும் மார்பிலும் பேட் கிடையாது, ஹெல்மெட் மட்டும்தான். விதியே அப்படி, உடம்பு பழகும்வரை சில நாட்கள் மோதல் கூடாது. அந்த நாளில் என்னைச் சுற்றி அதிகமாகக் கேட்ட வாக்கியம், “பேட் போடட்டும், அப்புறம் பேசலாம்” என்பது.

ஆனால் மேத்யூ கோல்டனைப் பற்றிப் பேசாமல் யாராலும் இருக்க முடியவில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ரிசீவர், அதாவது வீசப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர், முதல் சுற்றில் 23ஆவது தேர்வு, முதுகில் 0 என்ற எண். இண்டியானாபொலிஸ் சோதனை முகாமில் 40 கஜத்தை 4.29 விநாடியில் ஓடியவர். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 58 பந்துகளைப் பிடித்து 987 கஜம் எடுத்தவர். ஏப்ரலில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது ஊரே அதிர்ந்ததற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. பேக்கர்ஸ் முதல் சுற்றில் ஒரு ரிசீவரை எடுத்தது அதற்குமுன் 2002ல், ஜாவன் வாக்கரை. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆரன் ராட்ஜர்ஸ் இந்த ஊரில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் ஒருமுறைகூட அது நடக்கவில்லை. 2020ல் ராட்ஜர்ஸுக்குத் துணையாக ஒரு ரிசீவர் வருவார் என்று காத்திருந்த ரசிகர்களுக்குக் கிடைத்தது, அவர் இடத்தையே பிடிக்கப்போகும் ஜோர்டன் லவ். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அன்று கூடிநின்று கத்தக்கூட வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே பொருமினார்கள். அந்த வடு ஆறுவதற்குள் லவ் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்து, 2023ல் பொறுப்பேற்று, அந்தப் பருவத்தின் பிளேஆஃபில் டல்லாஸை அதன் சொந்த மைதானத்திலேயே 48–32 என்று வீழ்த்திவிட்டார். இன்று அதே லவ், சிவப்புச் சட்டையில் நின்று கோல்டனுக்குப் பந்தை வீசுகிறார்.

மில்வாக்கித் தந்தைக்கு இந்தக் கொண்டாட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், டவான்டே ஆடம்ஸ் என்று வரிசையாகச் சொன்னார். மூவருமே இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். இரண்டாம் சுற்றிலேயே இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அணி முதல் சுற்றை ஏன் ரிசீவருக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. அவர் மகளோ கோல்டனின் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேகத்தைப் பார்க்காதீர்கள், நிற்பதைப் பாருங்கள் என்றாள். முழு வேகத்தில் ஓடிவருபவன் சட்டென்று நின்று திரும்ப எத்தனை அடி எடுத்துக்கொள்கிறான்? இரண்டு மூன்று அடியில் நின்றுவிட்டால் காவலுக்கு நிற்பவன் அவனைத் தாண்டி ஓடிப்போய்விடுவான். பந்து வர இடம் கிடைத்துவிடும். நான்கைந்து அடி எடுத்தால் கடிகாரத்தில் ஓடிய 4.29க்குப் பயனே இல்லை. அவள் சொன்ன பிறகு நானும் அதையே பார்த்தேன். கோல்டன் நிற்கிற விதம் அழகாக இருந்தது. இடுப்பு தாழ்கிறது, தலை அசைவதில்லை, கைகள் உடம்பிலிருந்து விலகிப்போய்ப் பந்தை வாங்குகின்றன. மார்போடு அணைத்துப் பிடிப்பவனுக்கும் விரல்களால் எட்டிப் பிடிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு, பேட் இல்லாத நாளிலும் தெரிகிறது.

இன்னொரு ரிசீவர் சவியோன் வில்லியம்ஸ், மூன்றாம் சுற்று, 87ஆவது தேர்வு. ஆறடி நான்கு அங்குலம். டிசியூ கல்லூரியில் பந்தைப் பிடிப்பதோடு, சில நேரம் நேரடியாகப் பந்தை வாங்கி ஓடவும் செய்தவர். அவரை எங்கே நிறுத்தப்போகிறார்கள் என்று ஆளுக்கொரு திட்டம் சொன்னார்கள். பயிற்சியாளர் மேட் லஃப்ளூருக்குப் பிடித்தமான வேலை அது. எனக்கு அந்தப் பேச்சில் அதிக நாட்டமில்லை.

பேட் போட்ட நாளில் திடலின் ஒலியே வேறு. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மோதும் சத்தம் படியிருக்கையின் கடைசி வரிசைவரை கேட்கிறது. கூட்டம் பந்து போகும் பக்கத்தை விட்டுவிட்டு, முன்வரிசை லைன்மேன்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதும் மூலைக்கு இடம் மாறி உட்கார்ந்தது. பச்சைத் தொப்பிப் பெரியவர் அந்த மூலைக்கு நேர் எதிரே முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தார். எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அங்கே பார்க்க வேண்டியவர் ஆண்டனி பெல்டன். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் ஓரத்து ஆள், இரண்டாம் சுற்று, 54ஆவது தேர்வு. ஆறடி ஆறங்குலம், 150 கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய மனிதர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். எதிரே வருகிறவன் இடமா வலமா என்று தெரிவதற்குள் கையை அவன் மார்பில் வைத்துவிட வேண்டும். குவார்ட்டர்பேக்கின் உயிர் அந்த ஒன்றரை அடி இடைவெளியில் இருக்கிறது.

இந்த ஒற்றைப் பயிற்சியை எப்படிப் பார்ப்பது என்று பெரியவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இதில் தாக்க வருபவனுக்குத்தான் எப்போதும் சாதகம். ஆட்டத்தில் டேக்கிளுக்கு அருகில் கார்டு என்ற சக காவலன் இருப்பான், பந்து இரண்டரை நொடியில் கைவிட்டுப் போய்விடும். இங்கே துணையும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. ஆகவே புதியவன் தோற்றால் கூட்டம் ‘ஓ’ என்று கத்துவதைப் பொருட்படுத்த வேண்டாம். தோற்ற பிறகு அடுத்த முறை கையை எங்கே வைக்கிறான் என்று பாருங்கள். அதே தவற்றை மூன்றாம் முறையும் செய்தால் கவலைப்படலாம். முதுகு நிமிர்ந்து நின்றால் பின்னால் தள்ளப்படுவான். முழங்கால் மடிந்து, இடுப்பு கீழே இருந்தால் எவ்வளவு பலசாலி வந்தாலும் ஓரடி கொடுத்து நின்றுவிடுவான். பெல்டன் சில முறை நிமிர்ந்தார்; நிமிர்ந்தபோது தள்ளப்பட்டார். சில முறை ஆணியடித்தாற்போல் நின்றார். நின்றபோது எங்கள் வரிசை எழுந்து கைதட்டியது, பந்தே இல்லாத ஒரு பயிற்சிக்கு.

பெரியவரின் நோட்டில் டிராஃப்ட் ஆண்டுக்கு ஒரு பக்கம். அதில் 2025க்கான பக்கத்தில் எட்டுப் பெயர்களும் சுற்றும் எண்ணும் மட்டுமே இருந்தன. மூன்று பருவம் முடியாமல் எழுதுவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அந்தக் கோடையில் அவர் எழுதிக்கொண்டிருந்தது 2022 டிராஃப்டைப் பற்றி. அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார். முதல் சுற்றில் இரண்டு பேர், குவே வாக்கரும் டெவான்டே வையட்டும். ஆனால் அவர் தடித்த கோடு போட்டிருந்தது வேறு இரண்டு பெயர்களின் கீழே: நான்காம் சுற்றில் 140ஆவதாக வந்த சாக் டாம், ஏழாம் சுற்றில் 249ஆவதாக வந்த ரஷீத் வாக்கர். இருவரும் டேக்கிள்கள். ஒருவர் வலது ஓரத்தையும் மற்றவர் இடது ஓரத்தையும் பிடித்துக்கொண்டு லவ்வைக் காப்பாற்றிவந்தவர்கள். சாக் டாமுக்கு 2025 ஜூலையில்தான் நீண்ட ஒப்பந்தம் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இந்த இரண்டு பெயர்களைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

எதிர்த்திசையிலும் அவரிடம் ஒரு பக்கம் உண்டு. 1989. அந்த ஆண்டு இரண்டாவது தேர்வாகப் பேக்கர்ஸ் டோனி மண்டரிச் என்ற டேக்கிளை எடுத்தது. அப்படியொரு உடலைப் பார்த்ததில்லை என்று பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டன. அவருக்கு முன்னால் டிராய் எய்க்மன். அவருக்குப் பின்னால் பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டீயான் சாண்டர்ஸ். முதல் ஐந்து பேரில் நால்வர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். போகாதவர் கிரீன் பேவுக்கு வந்தவர். கல்லூரி நாட்களில் ஊக்கமருந்து எடுத்ததைப் பல ஆண்டுகள் கழித்து மண்டரிச்சே ஒப்புக்கொண்டார். பேரி சாண்டர்ஸ் டெட்ராய்ட் அணிக்காக ஆண்டுக்கு இருமுறை எங்கள் எதிரில் ஓடுவார், அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பெரியவர் சொன்னபோது குரலில் இன்னும் வலி இருந்தது.

பெல்டன் களைத்து ஒதுங்கியதும், எதிர்ப்பக்கத்தில் 99ஆம் எண் போட்டவர் வந்து நின்றார். பேரின் சொரெல். கூட்டம் அவருக்குத் தந்த கைதட்டல், நான்காம் சுற்றில் 124ஆவதாக வந்த ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது அல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிராஃப்ட் விழாவுக்கு நேரில் வரும்படி அழைக்கப்பட்ட சில இளைஞர்களில் இவரும் ஒருவர். முதல் சுற்று முடிந்தது, பெயர் வரவில்லை. இரண்டாம் நாள் முடிந்தது, வரவில்லை. அப்படி ஆனால் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேமரா முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை! இதே வேதனையை 2005ல் 24ஆவது தேர்வு வரை நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ஆரன் ராட்ஜர்ஸ் அனுபவித்ததை உலகமே பார்த்தது. சொரெல் மூன்றாம் நாளும் வந்து காத்திருந்தார். கடைசியில் அவரை அழைத்தது அந்த ஊரின் சொந்த அணியே. மேடைக்கு நடந்துபோன அவரைச் சுற்றிப் பேக்கர்ஸ் ரசிகர்கள் எழுப்பிய கூச்சலைக் காணொளியில் பார்த்தபோதே எனக்குத் தொண்டை அடைத்தது. மோதல் பயிற்சியில் அவர் எப்படி? முதல் அடி கொஞ்சம் தாமதம், ஆனால் விடுவதில்லை; தடுக்கப்பட்ட பிறகும் கால் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது என் கண்ணுக்குப் பட்டது. பெரியவர் ஒன்றும் எழுதவில்லை.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்தாம் சுற்றில் வந்த கோலின் ஆலிவர் காயத்தால் ஓரத்தில் நின்றார். ஆறாம் சுற்றின் வாரன் பிரின்சன், ஏழாம் சுற்றின் மைக்கா ராபின்சன், ஜான் வில்லியம்ஸ் ஆகியோருக்கு அணியில் இடம் நிச்சயமாக இருக்கவில்லை. 53 பேருக்குள் வருவதே அவர்களுக்குப் போராட்டமாக இருந்தது. ஆனால் இந்த ஊரில் கடைசிச் சுற்றுக்காரர்களை யாரும் ஏளனமாகப் பேசிக் கேட்கவில்லை. பார்ட் ஸ்டார் 1956 டிராஃப்டில் 17ஆம் சுற்றில், 200ஆவது ஆளாக வந்தவர். லொம்பார்டி காலத்து ஐந்து பட்டங்களிலும் குவார்ட்டர்பேக் அவர்தான். டொனால்ட் டிரைவர் 1999ல் 213ஆவதாக வந்தார். இந்த எண்களை மில்வாக்கிச் சிறுமிகூடத் தலைகீழாகச் சொல்கிறாள்.

இவ்வளவு அக்கறைக்கு ஒரு காரணம் உண்டு. இந்த அணிக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள்தான் உரிமையாளர்கள். 1923 தொடங்கி அணி நெருக்கடியில் சிக்கியபோதும், மைதானத்தை விரிவாக்க வேண்டியிருந்தபோதும் மக்களிடம் பங்கு விற்றார்கள். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆண்டுக்கொருமுறை ஜூலையில் லாம்போவில் கூட்டம் நடக்கும். பொதுமேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் வந்து யாரை, ஏன் எடுத்தோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் இருந்த இருவருமே பங்குதாரர்கள். மற்ற ஊர்களில் ரசிகர்கள் டிராஃப்டைப் பற்றிக் கோபப்படலாம், அவ்வளவுதான். இங்கே அவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கேட்பதற்கு முன் நன்றாகப் பார்க்கவும் கற்றிருக்கிறார்கள்.

நான் திரும்பிவந்த பிறகு, 2025 ஆகஸ்ட் 28ல் பேக்கர்ஸ், குவார்ட்டர்பேக்கை விரட்டித் தாக்கும் மைக்கா பார்சன்ஸை டல்லாஸிடமிருந்து வாங்கியது. விலையாகத் தன் வீரர் கென்னி கிளார்க்கோடு 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்துவிட்டது. ஆக, கோல்டனுக்குப் பிறகு பேக்கர்ஸின் கையில் அடுத்த முதல் சுற்றுத் தேர்வு இருப்பது 2028 ஏப்ரலில். பெரியவர் தன் நோட்டில் 2025க்கான பக்கத்தை எழுதப்போவதும் அந்த ஆண்டுக் கோடையில்தான். செப்டம்பர் 7ல் டெட்ராய்ட் அணியோடு பருவத்தின் முதல் ஆட்டம் நடந்தது. இனி வரும் ஆட்டங்களில் பந்து கோல்டனைத் தேடிப் போகும்போது எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கட்டும். நான் பெல்டன் எந்த ஓரத்தில் இறங்குகிறார், முழங்கால் மடிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கப்போகிறேன்.